தண்ணீர் ரயிலும் எங்கள் ஊர் ஏரியும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது வரவு செலவுக் கணக்கு மட்டும்தான். ஆனால் ஏரி என்பதும் ஒரு வரவு செலவுக் கணக்குதானே! மழை வரவு, பாசனம் செலவு, கோடைக்குக் கொஞ்சம் இருப்பு.

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ஒரு ரயில் கிளம்பியது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாக வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் போனது. அந்த வருடம் சென்னையின் பெரிய ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தன. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தேன். காலையில் குடத்தோடு லாரிக்காக நின்றுவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடம்.

அந்த ரயில் வந்த பாதையை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பட்டரவாக்கம் தாண்டியதும் தண்டவாளத்தின் வடக்குப் பக்கம் தெரிவது கொரட்டூர் ஏரி. 200 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரைச் சுமந்து வந்த ரயில், ஒரு ஏரியின் ஓரமாகத்தான் ஊருக்குள் நுழைந்தது! இந்த நிலைமை எப்படி வந்தது என்று தேடப் போய்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இங்கே ஏன் இத்தனை ஏரிகள்? நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. கூவம், கொசஸ்தலையாறு, அடையாறு எல்லாம் மழையை நம்பிய ஆறுகள். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்து வைக்காவிட்டால் கடலுக்குப் போய்விடும். அதனால் மேடான இடத்தில் இருந்து சரிவைப் பார்த்துக் கரை போட்டார்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு ஓடும். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூருக்கு, அது நிறைந்தால் ரெட்டேரிக்கு. இப்படி ஒரு சங்கிலி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொன்னது சும்மா இல்லை.

கட்டுவதை விடக் கஷ்டம் பராமரிப்பது. வருடா வருடம் வண்டல் சேரும், கரை கரையும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. குடவோலைக்காக அவற்றைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதில் ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவே இருந்தது. பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். உடனே அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் பாய்ந்த நிலம் ஒருவருடையது, கரைக்கு மண் சுமந்த தலை இன்னொருவருடையது என்பதும் அந்த வரலாற்றில் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். ஏரி உடைந்தால் கீழே இருக்கிறவனுக்குச் சோறு இல்லை. அந்தப் பயம்தான் ஏரியைக் காப்பாற்றியது.

அப்புறம் வெள்ளைக்காரன் ஆட்சி. ஏரிகள் மெல்ல மெல்ல அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் போட்டு ஏரி வேலைக்கு ஆள் கூப்பிட வேண்டி வந்தது. தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், பழைய ஏற்பாடு அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்?

இதற்குள் நகரத்துக்குத் தாகம் எடுத்தது. 1872இல் செங்குன்றம் (புழல்) ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. 1996இல் கிருஷ்ணா தண்ணீர் வந்தது. 2007இல் செம்பரம்பாக்கத்தில் நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. குடிக்க உதவும் ஏரிகளை நகரம் எடுத்துக்கொண்டது. மற்ற ஏரிகளை என்ன செய்தது? மனை போட்டது! 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது.

அடுத்து எங்கள் பக்கம். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டை என்றால் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு! அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தாத்தா இந்த ஊருக்கு வந்ததே வேலை தேடித்தான். வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வயல்கள் மனைகள் ஆயின.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'நஞ்சை'. அதாவது ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல் வயல். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பற்றி எல்லோரும் திட்டுவோம். தண்ணீர் பாவம், தன் பழைய விலாசத்துக்குத்தான் வந்து போகிறது. நாங்கள்தான் புதிதாகக் குடி வந்தவர்கள்!

என் கருத்து இதுதான். வயல் போனபோது ஏரியை நம்பிய ஆளும் போய்விட்டான். மதகில் அடைப்பு என்றால் ஓடி வர யாரும் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் குழாயில் வரும், இல்லையென்றால் லாரியில், அதுவும் இல்லையென்றால் ரயிலில். அதனால் வரத்துக்கால் தூர்ந்தபோது யாருக்கும் உறைக்கவில்லை. கழிவுநீர் ஏரிக்குள் திரும்பியபோதும் உறைக்கவில்லை. கணக்கில் யாரும் கேட்காத ஒரு சொத்து அப்படித்தான் தேயும்.

விளைவு இரண்டு பக்கமும் அடித்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெருமழையில் செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விடப்பட்டு, அடையாற்றின் கரையோரம் மூழ்கியது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது. நாலே வருடத்தில் தண்ணீர் ரயில். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீருக்குள். வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

நாம் சும்மாவும் இருக்கவில்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. 2019இல் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்கா திறந்தார்கள். சாயங்காலம் போனால் நல்ல காற்று, குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நடக்க வருகிறவர்களாவது இனி ஏரி நாறினால் கேள்வி கேட்பார்கள். ஆனால் நடைபாதை மட்டும் ஏரி ஆகாது. தண்ணீர் உள்ளே வர வழியும், மிஞ்சினால் வெளியே போக வழியும் இருந்தால்தான் அது ஏரி.

வயல் இல்லாவிட்டாலும் ஏரிக்கு ஆள் இருக்கிறது நண்பர்களே. ஏரியில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள தெருக்களில் போர்வெல் ஊறும். அப்படிப் பார்த்தால் இன்றைய பாசனக்காரர்கள் நாம்தான். நெல்லுக்குப் பதில் குடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நஞ்சை என்று இருந்தால், அந்தத் தண்ணீர் எந்த ஏரியில் இருந்து வந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். நான் என் தாத்தாவிடம் கேட்டேன். கையை நீட்டித் திசையைக் காட்டினார். அங்கே இப்போது நாலு மாடிக் கட்டிடம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏரி இன்னும் இருக்கிறது.