கல்முனைக் கிறிஸ்தவரின் வேதவாசிப்பு

இலங்கையின் அம்பாறைக் கரையோர நகரான கல்முனையில் முஸ்லிம்களே பெரும்பான்மை. தமிழ் இந்துக்கள் அடுத்து. மெதடிஸ்த, கத்தோலிக்கக் கிறிஸ்தவர் சிறு தொகையினர். வேத வசனத்தில் மனவலிமை தேடும் இவர்களது வழக்கத்தை இப்பதிவு கூறுகிறது.

மெதடிஸ்தப் பணி இப்பகுதிக்கு மட்டக்களப்பு வழியாக வந்தது. 1814இல் அங்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு ஆண்டே இறந்தார், பணி தொடர்ந்தது. கல்முனையின் உவெஸ்லி உயர்தரப் பாடசாலை மெதடிஸ்தரின் அடையாளம். கார்மேல் பற்றிமா கல்லூரி கத்தோலிக்க மரபில் தோன்றியது.

தமிழ்ப் புரொட்டஸ்தாந்தரிடையே புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த (இறைவாக்குறுதி) வசன அட்டை பெறுவது பரவலான வழக்கம். கையில் வந்த வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரிலோ வேதாகமத்தின் நடுவிலோ இருக்கும். நோயாளியருகே 91ஆம் சங்கீதமும் மரண வீட்டில் 23ஆம் சங்கீதமும் வாசிக்கப்படும். கத்தோலிக்கரிடம் செபமாலை முந்தி நிற்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரைகளைச் சிதைத்தது. தீங்கு அணுகாது என்னும் 91ஆம் சங்கீதத்தை அதன்பின் வாசிப்பது எளிதல்ல. ஆறுதல் சொல்லாமலே முடியும் 88ஆம் சங்கீதம் அத்தகைய வேளைக்கு நேர்மையான துணை எனலாம். ஆலயங்களில் அது அரிதாகவே ஒலிக்கிறது. 2019இல் அத்தகைய வேளை மீண்டும் வந்தது: உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, குழந்தைகள் பலர் இறந்தனர்.

அயலிலுள்ள முஸ்லிம்களுக்கும் சங்கீதமும் நற்செய்தியும் அந்நியமல்ல: சபூரும் (சங்கீதம்) இன்ஜீலும் (நற்செய்தி) முறையே தாவூத் (தாவீது), ஈசா (இயேசு) நபிகளுக்கு அருளப்பட்ட வேதங்கள் என்பது அவர்களது நம்பிக்கை. இயேசுவின் இறைத்தன்மை போன்றவற்றில் இரு சாராரும் பிரிகின்றனர்.