மெல்லிய மணிக்கட்டும் சுழியோடி மணிக்கூடும்

மணிக்கட்டு என்ற சொல் கைக்கடிகாரத்துக்கு மூத்தது. மணி கோத்த காப்பைக் கட்டும் இடம் ஆகையால் அது மணிக்கட்டு. கோயில் மணியோசை பொழுதைச் சொல்ல, மணி என்பது நேரத்துக்கும் பெயராயிற்று. அந்த நேரத்தைச் சிறு கூட்டில் அடைத்து மணிக்கூடு என்றோம். கூடு சுவரிலிருந்து இறங்கி, சட்டைப் பையில் சிலகாலம் தங்கி, கடைசியில் மணிக்கட்டில் வந்து அமர்ந்தது. அந்தக் கட்டுக்கும் இந்தக் கூட்டுக்கும் உள்ள பொருத்தம் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அண்மையில் வவுனியாவில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள கடையொன்றுக்கு என் பெறாமகனுடன் போயிருந்தேன். அவன் முல்லைத்தீவுக் கரையில் கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். தகப்பனைப் போலவே ஒல்லியான தேகம். மணிக்கட்டின் சுற்றளவு ஆறு அங்குலம் வரும். கடைக்காரர் எடுத்து வைத்ததோ 45 மில்லிமீற்றர் அகலமான சுழியோடி மணிக்கூடு. கட்டிப் பார்த்தான். பட்டி பொருத்தும் காதுகள் மணிக்கட்டின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கையைத் திருப்பினால் கை ஒரு பக்கம், மணிக்கூடு ஒரு பக்கம்.

"தம்பி, கொஞ்சம் சின்னனாப் பார்ப்பமே?" என்றேன்.

"சின்னன் கட்டினா பொம்பிளையளின்ர மணிக்கூடு எண்டு சிரிப்பாங்கள், பெரியப்பா."

சிரிப்புக்குப் பயந்து பொருத்தமில்லாததைத் தேடுவது அவன் ஒருவனின் குணமல்ல. வரலாற்றைப் புரட்டினால், அந்தச் சிரிப்பு நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பது தெரியவரும்.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பாவில் கையில் மணிக்கூடு கட்டுவது பெண்களின் அலங்காரம் என்றே கருதப்பட்டது. ஆண்பிள்ளை என்றால் சங்கிலி கோத்த மணிக்கூட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். 1914இல் போர் வந்தது. பதுங்குகுழியில் கிடப்பவன் ஒரு கையில் துவக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவ முடியுமா? மணிக்கூடு கைக்கு ஏறியது. போர் முடிந்து திரும்பியவர்களின் கையில் அதைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை.

நீர் புகாத மணிக்கூட்டின் கதை இன்னும் சுவையானது. 1926இல் றோலெக்ஸ் நிறுவனம் சிப்பி என்று பொருள்படும் 'ஒய்ஸ்டர்' என்ற பெயரில் ஒரு மணிக்கூட்டை வெளியிட்டது. தண்ணீர் புகாது என்று சொன்னால் யார் நம்புவார்? அடுத்த ஆண்டு ஒக்டோபரில் மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்ற இளம் பெண் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அதே மாதத்தில் ஏற்கனவே ஒரு தடவை கால்வாயைக் கடந்தவர் அவர். அதைச் சிலர் ஐயுற்றதால் மறுபடி நீந்த வந்திருந்தார். குளிர் தாங்காமல் பத்து மணித்தியாலத்துக்கு மேல் போராடிய பின்னர் அவரைப் படகில் தூக்க வேண்டியதாயிற்று. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியை ஒரு லண்டன் நாளிதழின் முதற் பக்கம் முழுவதும் விளம்பரமாக்கி நிறுவனம் புகழ் தேடிக்கொண்டது. ஆக, கடல் தண்ணீரை வென்ற மணிக்கூடு என்று உலகம் முதன்முதலில் பேசியது, ஒரு பெண் சுமந்த சின்னஞ்சிறு மணிக்கூட்டைப் பற்றித்தான்.

ஆனால் நீந்துவது வேறு, சுழியோடுவது வேறு. மன்னாரிலே முத்துக் குளித்த காலத்தில் சுழியோடிக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. கல்லைக் காலில் கோத்து இறங்குவான். படகில் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோ சென்றால் மூச்சு முட்டும், கயிறு அசையும், மேலே இழுத்துவிடுவார்கள். நெஞ்சுதான் மணிக்கூடு. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் காற்றுச் சிலிண்டருடன் நீருக்குள் சுவாசிக்கும் கருவியை ஆக்கியதோடு இந்த ஒழுங்கு மாறியது. இப்போது மூச்சு முட்டுவதில்லை. ஆகவே எவ்வளவு நேரம் நின்றோம் என்று உடம்பு சொல்வதுமில்லை.

சொல்லாத உடம்பு பின்னர் பழி வாங்கும். ஆழத்தில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. நெடுநேரம் நின்றுவிட்டு விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழிகள் பொங்கும். மூட்டு வலியோடு தப்பியவர்கள் உண்டு. இடுப்புக்குக் கீழே உணர்விழந்து பாயோடு கிடப்பவர்களும் எங்கள் கரைகளில் உண்டு.

சுழியோடி மணிக்கூட்டின் பிறப்பு இந்தத் தேவையிலிருந்துதான். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் நீரடிப் போராளிகளான மலூபியேயும் றிஃபோவும் தங்களுக்கு வேண்டிய மணிக்கூட்டைத் தேடினர். இருளில் தெரியும் முகப்பும், முகப்பைச் சுற்றித் திரும்பும் ஒரு வளையமும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. 1953இல் சுவிற்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனம் அதைச் செய்துகொடுத்தது. அதன் பெயர் 'ஐம்பது பாகம்'. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 91 மீற்றர் ஆழம். அதே காலத்தில் றோலெக்ஸ் 'சப்மரீனர்' மணிக்கூட்டைக் கொண்டுவந்தது. 1965இல் யப்பானின் சீக்கோ தன் முதல் சுழியோடி மணிக்கூட்டைச் செய்தது. அது 150 மீற்றர் தாங்கும். யப்பானிய ஆய்வாளர்கள் அதை அந்தாட்டிக்காவுக்கும் கொண்டுபோயினர்.

இவற்றின் அளவைக் கேட்டால் இன்றைய கடைக்காரர் வியப்பார். பிளாங்பான் 42 மில்லிமீற்றர் அளவில் அக்காலத்துக்குப் பெரிதாக இருந்தது. அந்த நிறுவனமே சில ஆண்டுகளில் சிறிய ஒன்றையும் செய்ய வேண்டி வந்தது. முதல் சப்மரீனரும் முதல் சீக்கோவும் ஏறக்குறைய 38 மில்லிமீற்றர்தான். உயிரைப் பணயம் வைத்துக் கடலடியில் வேலை செய்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. 44, 46 என்று வீங்கியது பிற்காலத்து நாகரிகம். அது கடல் கேட்ட அளவல்ல.

இனி அந்த வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், பிறகு முள் நிற்கும் இடத்து எண்ணே கழிந்த நிமிடங்கள். இப்போதுள்ள நல்ல சுழியோடி மணிக்கூட்டில் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். பாறையில் இடிபட்டுத் தவறுதலாகத் திரும்பினாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. சுழியோடி முன்னதாக மேலே வருவான், பிந்தமாட்டான். பிழை நேர்ந்தாலும் உயிரின் பக்கம் நேரட்டும் என்று எண்ணிச் செய்த ஒழுங்கு அது.

கழிந்த நேரம் என்றவுடன் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு நினைவும் வரும்.

இலங்கையின் மணிக்கூடு பலமுறை திருத்தப்பட்டது. 1906இல் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரம் நாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அதை முன்னே தள்ளினார்கள். 1945இல் பழையபடி வைத்தார்கள். 1996இல் மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் பாதியைக் குறைத்தார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வவுனியா நகரில் ஒரு நேரம். அதற்கு வடக்கே வன்னிக்குள் அரை மணித்தியாலம் பிந்திய இன்னொரு நேரம். லண்டனிலிருந்து வந்த தமிழோசை எங்களுக்கு ஒன்பதே காலுக்குக் கேட்டது. வவுனியாவில் இருந்தவர்களுக்கு ஒன்பதே முக்காலுக்குக் கேட்டது. ஒரே குரல், இரண்டு நேரம். எவராவது நேரம் சொன்னால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் குரலையும் நாங்கள் எளிதில் கேட்கவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி பேசும். பற்றரியால் ஓடும் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மல்லாவியில் நாங்கள் இருந்த வளவில் நிற்காமல் ஓடியது என் தம்பியின் மணிக்கூடு ஒன்றுதான். 1980களில் சவூதியிலிருந்து அவன் கொண்டுவந்த சீக்கோ 5 அது. சாவியும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். கை அசைந்தால் போதும். விறகு கொத்தினான், தண்ணீர் அள்ளினான், சைக்கிள் மிதித்தான், மணிக்கூடு ஓடியது. அளவிலும் சிறியது. அவனுடைய மெல்லிய கையில் ஒட்டினாற்போல் இருக்கும். அதைப் பார்த்து எவரும் சிரித்ததை நான் கண்டதில்லை. "நேரம் என்ன?" என்று கேட்டுத்தான் வந்தார்கள்.

2002இல் ஏ-9 வீதி திறந்தபின் அவன் ஓமந்தையைக் கடக்கும்போதெல்லாம் அதே மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே திருப்புவான். திரும்பி வரும்போது பின்னே திருப்புவான். 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. பத்து வருடத்தின் பின் இரண்டு நேரமும் ஒன்றாயின. நான்கு மாதத்தில் வீதி மூடப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலில் தம்பியும் போனான், மணிக்கூடும் போயிற்று.

கடையில் நின்றபோது இவ்வளவும் நினைவில் ஓடின. அவற்றை நான் பெடியனிடம் சொல்லவில்லை. கடைக்காரரிடம் ஒரு நூல் துண்டு கேட்டு வாங்கினேன். மணிக்கூட்டின் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குவது பிழை. மேற்காதின் நுனியிலிருந்து கீழ்க்காதின் நுனி வரை நூலால் அளந்து, அதை மணிக்கட்டின் மேற்பக்கத் தட்டையான பகுதியில் வைத்துப் பார்க்க வேண்டும். நூல் அந்தப் பகுதிக்குள் அடங்கினால் மணிக்கூடு கைக்கு ஏற்றது. ஆறு அங்குலக் கைக்கு 36 முதல் 39 மில்லிமீற்றர் வரை பெரும்பாலும் பொருந்தும். மொத்தமும் குறைவாக இருக்க வேண்டும்; மொத்தமானது கயிற்றில் மாட்டும். சர்வதேசச் சுழியோடி மணிக்கூட்டுத் தரத்துக்குக் குறைந்தது 100 மீற்றர் தாங்க வேண்டும். இருளில் ஒரு சாண் தூரத்திலிருந்து வாசிக்க முடிய வேண்டும். சாவி திருகி மூடுவதாக இருப்பது நல்லது. இவற்றில் எதற்கும் பெரிய உடல் தேவையில்லை. 1990களில் சீக்கோ செய்த புகழ்பெற்ற 42 மில்லிமீற்றர் சுழியோடி மணிக்கூட்டுக்கு 38 மில்லிமீற்றரில் ஒரு தம்பி இருந்தது. அண்ணனைப் போலவே அதுவும் 200 மீற்றர் தாங்கியது.

கடைக்காரர் உள்ளே போய் 38 மில்லிமீற்றர் அளவில் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். பெடியன் கட்டினான். கையைத் திருப்பினான், மணிக்கூடும் கூடவே திரும்பியது. மணிக்கூட்டைத் தண்ணீருக்குள் அவன் பார்க்கப்போவது தன் நிமிடங்களை எண்ணுவதற்காக. அங்கே சிரிக்க ஒருவரும் இல்லை. இதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதையே எடுப்பம், பெரியப்பா" என்றான்.

முல்லைத்தீவு பஸ் புறப்பட்டபோது விளையாட்டாக வளையத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தான். ஓமந்தை வந்தது. இப்போது அங்கே எவரும் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை. பழைய பழக்கத்தில் நான் என் கையைப் பார்த்தேன்.

"ஏன் பெரியப்பா, நேரம் பாக்கிறியள்?"

"எவ்வளவு நேரமாச்சு?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவன் வளையத்தைப் பார்த்துச் சொன்னான். "இருவத்தஞ்சு நிமிசம்." பழைய நேரத்திலும் புது நேரத்திலும் அது இருபத்தைந்து நிமிடம்தான்.