கணக்குப்பிள்ளைகள் காப்பாற்றிய கோட்டை

துருக்மெனிஸ்தானின் தலைநகர் அஷ்காபாத்துக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் பாகிர் என்றொரு ஊர். தெற்கே கோபெத் தாக் மலைத்தொடர். அதைத் தாண்டினால் ஈரான். வடக்கே காராகும் பாலைவனம். மலைத் தண்ணீர் எட்டுகிற வரைக்கும்தான் அங்கே பயிர் பச்சை. அந்த ஒடுங்கிய நிலத்தில் இரண்டு மண்மேடுகள் இருக்கின்றன: பழைய நிசா, புதிய நிசா. ரோமுக்கு ஈடு கொடுத்து நின்ற பார்த்தியப் பேரரசு முதலில் காலூன்றிய வட்டாரம் இது.

காலூன்றியவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லர். பர்னி எனப்பட்ட அவர்கள் வடக்கிலிருந்து வந்த நாடோடிக் குதிரைவீரர்கள். அலெக்சாந்தருக்குப் பிறகு ஈரானை ஆண்ட கிரேக்க வம்சத்துச் செலூக்கியர்களின் பிடி தளர்ந்தது. பார்த்தியா மாகாணத்தின் ஆளுநர் ஆந்திரகோராஸ் அவர்களை உதறிவிட்டுத் தனியாட்சி நடத்தப் பார்த்தார். அந்தக் குழப்பத்தில் பர்னிகள் அர்சாக்கஸ் என்ற தலைவனின் கீழ் திரண்டு வந்து அவரைக் கவிழ்த்தார்கள். நாடு பிடித்ததோடு நிற்காமல், கி.மு. 247-ஐ முதலாண்டாக வைத்துத் தங்களுக்கென்று ஓர் ஆண்டுக்கணக்கும் ஏற்படுத்திக்கொண்டார்கள். கூடாரத்தோடு அலைந்தவர்கள் நிலைத்து உட்காரத் தீர்மானித்துவிட்டார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

மூன்று தலைமுறை கழித்து, கி.மு. 171 வாக்கில் முதலாம் மித்ரதாதஸ் அரியணை ஏறினார். மீடியாவும் பாபிலோனியாவும் அவர் கைக்கு வந்தன. சிற்றரசு பேரரசானது அவர் காலத்தில்தான். பழைய நிசாவின் கோட்டைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: மித்ரதாத்கிர்த், அதாவது மித்ரதாதஸின் கோட்டை. இயற்கையான ஒரு குன்றைச் செதுக்கியும் மண் கொட்டி உயர்த்தியும், கோணல்மாணலான ஐங்கோண வடிவில் 14 ஹெக்டேர் பரப்பில் எழுப்பினார்கள். சுற்றிலும் பெருத்த மண்மதில். அதில் 40-க்கும் மேற்பட்ட செவ்வகக் காவல்கோபுரங்கள். உள்ளே இருந்தவை தூண் வைத்த மண்டபங்கள், முற்றங்கள், கிடங்குகள். எல்லாம் பெரும்பாலும் சுடாத செங்கல் கட்டுமானம். சாதாரண ஜனங்களின் ஊர் பக்கத்திலிருந்த புதிய நிசா. பழையது அரச குலத்தின் சடங்குகளுக்கும் செல்வத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடம் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து.

கோட்டையின் பெயர் எப்படித் தெரிந்தது என்பதுதான் சுவாரசியம். பார்த்தியர்கள் எழுதிய பார்த்திய வரலாறு என்று ஒன்று நம் கைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் கிரேக்கரும் ரோமரும் எழுதியவை. ரோமர் அவர்களோடு மோதி கி.மு. 53-ல் கர்ரே போர்க்களத்தில் தளபதி கிராசஸையே பறிகொடுத்தவர்கள். எதிராளி எழுதிய சரித்திரத்தில் அம்பு இருக்கும், குதிரை இருக்கும், அடுப்படி இருக்காது. கராக்ஸ் நகரத்து இசிதோர் என்பவர் பெருவழியில் வரும் ஊர்களைப் பட்டியலிட்டபோது, பார்த்தௌநிசாவில் அரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். எழுத்தில் நிசாவுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

1930-ல் தொல்லியலாளர் அலெக்சாந்தர் மருஷ்சென்கோ இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பெரிய அளவில் வேலை நடந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு: 1946-ல் மிகாயில் மாசோன் தலைமையில் தென் துருக்மெனிஸ்தான் அகழாய்வுக் குழு புறப்பட்டது. அரசர் கல்லறை எதுவும் அகப்படவில்லை. மதுக்கிடங்குகளும், மையால் எழுதிய பானை ஓடுகளும் அகப்பட்டன. காலப்போக்கில் சேர்ந்த ஓடுகள் 2,500-க்கும் மேல்.

அத்தனையும் ஏறக்குறைய ஒரே விஷயம். இந்த ஜாடியில் இருப்பது எந்தத் தோட்டத்துத் திராட்சை மது, எத்தனை அளவு, எந்த ஆண்டுக்கு உரியது, கொண்டுவந்து போட்டவன் யார். புளித்துக் காடியாகிப்போனதைக்கூட ஒளிக்காமல் குறித்திருக்கிறார்கள். தோட்டங்கள் சிலவற்றுக்கு மித்ரதாதஸ், அர்தபானஸ், பிரியபாதியஸ் என்று அரசர்களின் பெயர்கள். மறைந்த மன்னர்களுக்கான படையல் செலவுக்கு ஒதுக்கிய தோட்டங்களாக இருக்கலாம் என்கிறார்கள். நனையா என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்கும் தோட்டம் உண்டு. நாளும் மாதமும் ஜொராஸ்திரிய முறைப்படி எழுதப்பட்டவை. மித்ரதாத்கிர்த் என்ற பெயரையும் நமக்குத் தந்தவை இந்த மதுக்கணக்குகளே.

படிப்பதுதான் எளிதாக இல்லை. எழுத்து அரமேயம், சொற்களும் பெரும்பாலும் அரமேயம். ஆகவே மொழியும் அரமேயம்தான் என்று ஒரு தரப்பு வாதிட்டது. எழுதியது அரமேயத்தில், வாசித்தது பார்த்தியத்தில் என்றார்கள் அறிஞர்கள் இகோர் தியாகோனோவும் விளாதிமிர் லிவ்ஷித்சும். அவர்கள் சொன்னதே நிலைத்தது. ஓர் ஓட்டில் பார்த்திய ஆண்டுக்கணக்கின் 157-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 91 வாக்கில் ஆண்ட ஓர் அரசனின் வம்சாவளி இருக்கிறது. பார்த்திய அரசர்கள் எல்லாருமே அர்சாக்கஸ் என்ற பட்டப்பெயரில் ஆண்டவர்கள். நாணயங்களைக் கையில் வைத்துக்கொண்டு இவர் யார் என்று திணறுகிறவர்களுக்கு அந்த ஓட்டின் அருமை தெரியும்.

பொது ஜனங்களுக்கு நிசா என்றால் நினைவுக்கு வருவது தந்தக் கொம்புக் கோப்பைகள். 1948-ல், சதுர மாளிகை எனப்படும் கட்டடத்தின் ஓர் அறையில், நொறுங்கிய குவியலாகக் கிடைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் நிலநடுக்கம் வந்து அஷ்காபாத்தையே தரைமட்டமாக்கியது. அந்தச் சூழலிலும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி 40-க்கும் மேற்பட்ட கோப்பைகளை மீட்டெடுத்தார்கள். விளிம்பில் ஒலிம்பஸ் தெய்வங்கள். நுனியில் சிறகு முளைத்த மிருகங்கள், குதிரையுடல் மனிதர்கள். கிரேக்கரிடமிருந்து நாட்டைப் பிடுங்கியவர்களின் கருவூலத்தில் கிரேக்கக் கடவுளர்! அங்கேயே செதுக்கியதா, பாக்திரியாவிலிருந்து கொண்டுவந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அங்கே கிடைத்த ஒரு பளிங்குப் பெண் சிலைக்கு மாசோன் 'ரோதோகுனே' என்று பெயரிட்டார். கலகத்தை அடக்கும்வரை தலைவார மாட்டேன் என்று சபதமிட்ட இளவரசி அவள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. சிலையோ கூந்தலைப் பிழியும் அப்ரோதித்தே தெய்வத்தின் வடிவம். இளவரசி என்பதற்கு ஆதாரம் போதாது.

கி.பி. 224-ல் சாசானியர் பார்த்தியரை வீழ்த்தினார்கள். அதன்பின் கோட்டை மண்ணாகத் தொடங்கியது. பக்கத்து ஊர் பிழைத்துக்கொண்டது. இசுலாமியர் காலத்தில் அதற்கு நசா என்று பெயர்; ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் நசாயி பிறந்த ஊர் அதுதான். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் அதையும் சூறையாடினார்கள்.

2007-ல் யுனெஸ்கோ இரண்டு மேடுகளையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அஷ்காபாத் போக வாய்ப்பவர்கள் முதலில் அருங்காட்சியகத்தில் தந்தக் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, பிறகு நிசாவுக்குப் போங்கள். முன்பின் தெரியாமல் போய் நின்றால் வெறும் மண்சுவர்தான் தெரியும்.