கந்தையில் எழுதிய வரலாறு

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஒரு போர்வை இருக்கிறது. உம்மும்மாவின் பழஞ்சேலைகளை மூன்றடுக்காக விரித்து, கையால் நூலோடித் தைத்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் உம்மா என் தம்பியை இதில்தான் சுற்றி வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. காணி உறுதி வரவில்லை, போர்வை வந்தது.

இத்தகைய போர்வைக்கு நீண்ட வரலாறுண்டு. வங்காளத்தில் இதனைக் 'காந்தா' என்பர். நமது 'கந்தை' என்ற சொல்லும் அதே வடமொழி மூலத்தைச் சேர்ந்ததே. முஸ்லிம், இந்து என்ற பேதமின்றி அங்குள்ள பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவேலை செய்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் வங்காளப் பூவேலைப் போர்வைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1929இல் வெளிவந்த கவிஞர் ஜசீமுத்தீனின் 'நக்ஷி காந்தார் மாத்' என்ற நெடுங்கவிதையில், கிராமத்துப் பெண்ணொருத்தி தன் வாழ்வின் துயரத்தை ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். ஏடெடுத்து எழுத வாய்ப்பற்றவர்களுக்கு ஊசியே எழுதுகோலாயிற்று.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குச் சென்றபோது எங்கள் போர்வையையும் எடுத்துச் சென்றேன். கிழிசலொன்றுக்குப் புதுத்துணி வைத்து இயந்திரத்தில் தைப்பித்தேன். ஒருமுறை கழுவியதும் புதுத்துணி சுருங்கி, சுற்றியிருந்த பழந்துணியையும் கிழித்துவிட்டது. விடுமுறையில் கொண்டுபோய்க் காட்டினேன். உம்மா ஏசவில்லை.

"புதுசு பழச இழுக்கும் மகன். பழசோட பழசத்தான் சேர்க்கணும்" என்றார்.

இயந்திரத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பலமுறை கழுவி மென்மையான வாப்பாவின் சாறன் துண்டை அடியில் வைத்து, இறுக்காமல் கையால் தைத்தார். நூதனசாலைகளில் பழந்துணி பேணுவோரின் முறையும் இதற்கு அண்மையானதே. அடியில் தாங்குதுணி வைத்து, பின்னர் பிரிக்கக்கூடியவாறு தைப்பார்கள். இரும்பு சேர்த்துச் சாயமிட்ட கறுப்பு நூல் மற்றவற்றுக்கு முன் உக்கிவிடும். அவ்விடத்தில் மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்துவார்கள். பழந்துணியை முறுக்கிப் பிழிவதோ, வெயிலில் தொங்கவிடுவதோ கூடாது. நிழலில் பரப்பியே உலர்த்த வேண்டும்.

போர்வையின் ஓரத்தில் வள்ளத்தின் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. அதைப் போக்கித் தருவதாக என் மகள் சொன்னாள். வேண்டாமென்றேன். கிழிசலைத் தைக்காவிட்டால் போர்வை அழியும். கறையைப் போக்கினால், அது கடந்து வந்த கடல் அழியும்.

இப்போது உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, எந்தத் துண்டு எவருடையதென்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலும் இப்படி ஏதேனும் இருக்கும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் போர்வையில் ஒரு நீலத்துண்டு யாருடையதென்று உம்மாவுக்கு நினைவில்லை. கொப்பியில் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.