கேமரன் மலைப் பச்சைக் கம்பளம்: யார் விரித்தது?

கேமரன் மலையைப் பற்றி எழுதச் சொன்னால், "இயற்கை அன்னை விரித்த பச்சைக் கம்பளம்" என்றுதான் மாணவர்கள் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனா, வரலாறு வேறு.

1885இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இங்கே வந்தபோது தேயிலையே இல்லை. எங்கும் காடு, அதில் வாழ்ந்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள். 1929இல்தான் ஜே.ஏ. ரசல், சிலோனில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் அது மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, கொழுந்தை ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளுவதால்தான் அது இடுப்பளவில் நிற்கிறது. நாம் ரசிக்கும் சமமான பச்சைப் பரப்பு அதுதான். நடுவே வளைந்து போகும் கோடுகள்? கூடை சுமந்தவர்கள் நடக்க விட்ட வழி.

ஜப்பானில் நோத்தோ தீபகற்பத்தின் ஷிரோயோனே செம்மைடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு வயல்கள் கடலை நோக்கிப் படிப்படியாக இறங்குகின்றன. நெல்லுக்குத் தண்ணீர் தேங்க வேண்டும். அதனால் சரிவை வெட்டிச் சமப்படுத்தி வரப்பு கட்டினார்கள். தேயிலைக்குத் தேங்கினால் வேர் அழுகும். தண்ணீர் வடியணும், மண் மட்டும் கரையக்கூடாது. அதனால் மலையின் வளைவை ஒட்டியே வரிசை பிடித்தார்கள். இரண்டையும் கைவிட்டால் காடு திரும்ப வந்துவிடும். நோத்தோ வேளாண் நிலத்தை 2011இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக மரபாக ஏற்றது. உழைப்பையும் சேர்த்தே மரபு என்றார்கள். நம் சுற்றுலாப் படங்களிலோ தேயிலை இருக்கும், ஆளைக் காணோம்.

1938இல் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. பிற்காலத்தில் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு இறங்கின. இன்று கத்திரியும் இயந்திரமும் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். ஆனால், போ, புளூ வேலி, சுங்கை பாலாஸ் என்று தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் மலையில் இருக்கின்றன.

ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தத் தலைப்பைக் கொடுக்கும்போது, தோட்டத்தில் வேலை செய்த பாட்டி தாத்தா இருந்தால் விடியற்காலைப் பெரட்டு எப்படி நடந்தது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கம்பளத்தை அதற்குப் பிறகு எழுதட்டும்.