கடிகார வில்லில் தொடங்கிய வைத்தியம்

பிலிமத்தலாவையில் ஒருவருக்குச் சூத்தைப் பல் முற்றிவிட்டால், கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பேராதனையில் இறங்கலாம். பல் வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான். நாற்காலியில் சாய்ந்தவரிடம் வைக்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பிடுங்குவதா, வேர்ச் சிகிச்சை செய்வதா?

பிடுங்கக் குறடு போதும். பல்லை விட்டுவிட்டு உள்ளே அழுகிய கூழை மட்டும் எடுப்பதற்கு, வேருக்குள் ஓடும் நூல் போன்ற குழாயில் நுழைகிற கருவி வேண்டும். 1838இல் அமெரிக்கப் பல் வைத்தியர் எட்வர்ட் மேனார்ட் கடிகாரத்தின் சுருள்வில்லை அராவி அதைச் செய்தார். பித்தளை வேலைக்குப் பெயர்போன பிலிமத்தலாவைப் பட்டறைக்காரருக்கு இந்த அராவல் வேலை புதிதாகத் தெரியாது. மேனார்டின் பெயர் பிற்பாடு அதிகம் பரவியது என்னவோ அவர் வடிவமைத்த துப்பாக்கியால்தான்.

சுத்தம் செய்த குழாயைச் சும்மா விட்டால் கிருமி திரும்பக் குடியேறும். அடைக்க வந்தது மலாயாக் காட்டு மரமொன்றின் பால், கட்டாபெர்ச்சா. மலாய்க்காரர் அதில் கத்திப்பிடி செய்தார்கள். 1840களில் சிங்கப்பூரிலிருந்த வைத்தியர் வில்லியம் மான்ட்கோமரி அதை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையான அதே பாலை, 1867இல் பௌமன் என்பவர் வேர்க் குழாய்க்குள் வைத்தார். நம் இலுப்பையும் அந்த மரத்தின் குடும்பம்தான். இன்றைய அடைப்புக் குச்சியில் அந்தப் பால் ஐந்தில் ஒரு பங்கு அளவே. மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாக ஒக்சைட்.

இடையே வந்தது ரப்பர் தாள். எச்சில் உள்ளே போகாதபடி பல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் கண்ட உபாயம் அது. ரப்பர் மரக் கன்றுகள் இலங்கைக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1876இல்தான்.

1910இல் இந்த வைத்தியம் செத்துப்போகப் பார்த்தது. வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய வைத்தியர், வாயிலுள்ள அழுகல்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம் என்று கனடாவில் பேசினார். அதன் பிறகு காப்பாற்றக்கூடிய பற்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள். பயம் தெளியப் பல ஆண்டுகள் பிடித்தன. வேரின் நீளத்தையும் நுனியையும் காட்டும் எக்ஸ்ரே இந்தச் சிகிச்சைக்குப் பெரிய துணையானது.

வேரை அடைத்ததோடு வேலை முடியாது. உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும் என்பதால் பெரும்பாலும் மேலே உறை போடுகிறார்கள். வலி போனதும் பாதியில் நின்றுவிடுபவர்கள் இழப்பது இந்த உறையைத்தான். வேர் நெடுக வெடித்த பல்லுக்கும், ஈறுக்கு மேல் சுவரே மிஞ்சாத பல்லுக்கும் பொதுவாக இன்றும் குறடுதான்.