பழைய புகைபோக்கியும் புதிய அடுப்பும்

குளிர் நாட்டு வீடுகளில் விறகு எரிக்கும் கணப்பு இருக்கும். அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகிவிடும். இதைத் தடுக்க 1740களில் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கணப்பில் பொருத்தும் இரும்பு அடுப்பை வடிவமைத்தார். காப்புரிமை தர முன்வந்தும் வாங்கவில்லை. ஆனால் புகை கீழிறங்கிப் பின் மேலேற வேண்டியிருந்ததால் அடுப்பு சரியாக இழுக்கவில்லை.

1796-ல் ரம்ஃபோர்டு பிரபு, புகைபோக்கியின் கழுத்தை 4 அங்குலமாகக் குறுக்கச் சொன்னார். லண்டன் வீடுகளில் புகைத் தொல்லை குறைந்தது.

ஆக, அடுப்பைவிடப் புகைபோக்கிதான் முக்கியம். அகலமான பழைய புகைபோக்கியில் புகை ஆறி, தார் போலப் படியும். அதில் தீப்பிடித்தால் வீடே போய்விடும். அதனால்தான் இன்று பழைய கணப்பில் அடுப்பு பொருத்துமுன் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, விரிசல் பார்த்து, உச்சிவரை எஃகுக் குழாய் இறக்குகிறார்கள்.